சாப்பிட்டதும் சாத்தப்படும் கதவு: புலிமியா பற்றிய கேள்வி பதில்

புரட்டாசி விரதம் முடிந்த வாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் மண்டபத்தில் புலிமியா பற்றிப் பேசினேன். அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு, எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் அதை வாந்தியாலோ பட்டினியாலோ வேறு வழியிலோ ஈடுகட்டப் பார்க்கும் மனநோய் அது. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் வாசலில் வைத்திருந்த பெட்டி பெயர் போடாத சீட்டுகளால் நிறைந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் நான். அந்தச் சீட்டுகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, மெட்ரிக் (பள்ளிக் கடைசி வகுப்பு) படிக்கிறாள். ஒல்லியாகவெல்லாம் இல்லை. ஆனால் சாப்பிட்டு எழுந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருக்கிறாள். காலையில் பார்த்தால் ரொட்டிப் பாக்கெட் காலி, மீந்த பிரியாணி காலி. இது அந்த நோய்தானா? (சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அம்மா)

சீட்டைப் படித்து நோய் சொல்ல முடியாது அம்மா. ஆனாலும் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. ஒல்லியாக இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். புலிமியா உள்ளவர்களில் பெரும்பாலோர் சாதாரண எடையில் இருப்பார்கள், சிலர் அதற்கு மேலும் இருப்பார்கள். ஒரே வீட்டில் இருந்தும் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போவது இதனால்தான்.

டாக்டர் கேட்டுத் தெரிந்துகொள்வது இதைத்தான்: கொஞ்ச நேரத்துக்குள், நிறுத்தவே முடியாமல், அளவு மீறிச் சாப்பிடுகிறாளா? எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் அதை வாந்தியாகவோ பேதி மாத்திரையாலோ பட்டினியாலோ கடும் உடற்பயிற்சியாலோ ஈடுகட்டப் பார்க்கிறாளா? இரண்டும் சராசரியாக வாரம் ஒரு தடவையாவது மூன்று மாதமாக நடக்கிறதா? தன்னைப் பற்றிய மதிப்பையெல்லாம் எடையிலும் உருவத்திலும் வைத்திருக்கிறாளா? உங்கள் கண்ணுக்குத் தெரியக்கூடியவை: காதோரம் தாடைப் பக்கம் வீக்கம், அடிக்கடி தொண்டை வலி, பல் கூச்சம், ஓயாத களைப்பு, மாதவிலக்கு தப்புவது.

எப்படிப் பேசுவது? சாப்பாட்டு மேசையில் மட்டும் வேண்டாம். காரில் போகும்போது பேசுங்கள், முகத்துக்கு நேரே பார்க்கவேண்டியதில்லை என்பதால் பிள்ளைகளுக்கு வாய் திறக்கச் சுலபம். "நீ கஷ்டப்படுகிறாய் என்று தெரிகிறது. எனக்குக் கோபமில்லை. இரண்டு பேரும் டாக்டரிடம் போவோம்" என்றால் போதும். காலியான பாத்திரத்தை எடுத்துக் காட்டாதீர்கள். ஃபிரிட்ஜைப் பூட்டாதீர்கள். வெட்கத்தில்தான் இந்த நோய் வளர்கிறது, நாம் அதற்கு உரம் போடக்கூடாது.

டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், முக்கியமாகப் பொட்டாசியம். அடிக்கடி வாந்தி எடுத்தால் அது இறங்கிவிடும், இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மயக்கம், படபடப்பு, நெஞ்சு வலி, வாந்தியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 16. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இனிமேல் செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறேன். காலையும் மதியமும் சாப்பிடுவதில்லை. பள்ளி விட்டு வந்ததும் எல்லாம் கைமீறிப் போகிறது. எனக்கு மனவுறுதியே இல்லையா? (ஃபீனிக்ஸ்)

தங்கச்சி, காலையும் மதியமும் பசியை அடக்கிக்கொண்டு பள்ளியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மனவுறுதி இல்லை என்று யார் சொன்னது? சாயங்காலம் நடப்பதற்குக் காரணமே அந்தக் காலையும் மதியமும்தான்.

1944-45இல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு நடந்தது. நல்ல ஆரோக்கியமுள்ள 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடுதான் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. அப்புறம் வேண்டிய அளவு உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றவர்கள் அவர்களில் இருந்தார்கள். முன்னால் அவர்களுக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது. பட்டினி கிடந்த உடம்பு அப்படித்தான் செய்யும். நீ அளவு மீறிச் சாப்பிடுகிறாய், பயந்து வெளியேற்றுகிறாய், அதற்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி கிடக்கிறாய், மறுபடி பசி வந்து தள்ளுகிறது. இந்தச் சக்கரத்தைப் பட்டினி என்கிற இடத்தில்தான் உடைக்க முடியும்.

அதனால் சிகிச்சையில் முதலில் சொல்லித்தருவது ஒழுங்காகச் சாப்பிட. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி, நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக்கூடாது. நேற்று என்ன நடந்திருந்தாலும் இன்று காலைச் சாப்பாட்டை விடக்கூடாது. பயமாகத்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும். சில வாரம் பிடித்துக்கொண்டால் அந்தச் சாயங்கால வெறி தணிவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதைத் தனியாகச் செய்யாதே. நம் நாட்டுச் சட்டப்படி, 12 வயது நிறைந்த பிள்ளை, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் மருத்துவ சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். அம்மாவிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை என்றால் கிளினிக்கில் நர்ஸிடம் சொல், பிடித்த டீச்சரிடம் சொல். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அந்த நிமிடமே 0800 567 567 எண்ணுக்குக் கூப்பிடு, தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவின் உதவி எண் அது.

கேள்வி: பேதி மாத்திரையும் 'ஸ்லிம்மிங்' டீயும் எடை குறைக்கும் என்கிறார்களே?

குறைக்காது. சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடும். இந்த மாத்திரைகள் வேலை செய்வது பெருங்குடலில். வெளியே போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்புகளும்தான். தராசில் குறைந்ததாகத் தெரிந்த எடை தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும், குடல் மட்டும் கெட்டுப்போகும். பல நாளாக எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் கூழுக்கும் சோளச் சோற்றுக்குமே அல்லாடினோம். இது வெள்ளைக்காரர் நோய்தானே? அம்மனுக்கு நேர்ந்துகொண்டால் போகாதா? (ஒரு பாட்டி)

பாட்டி, இந்த நோய்க்குப் பெயர் வைத்து முதலில் எழுதியவர் லண்டனில் இருந்த மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல், 1979இல். அதனால் அங்கேயே பிறந்த நோய் மாதிரித் தெரிகிறது. ஆனால் ஃபிஜித் தீவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே நல்ல வாட்டசாட்டமான உடம்பைத்தான் அழகு என்பார்கள். 1995இல் ஒரு வட்டாரத்துக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில் ஆய்வாளர்கள் பள்ளிப் பெண்களிடம் கேட்டபோது, எடைக்காக வாந்தி எடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998இல் கேட்டபோது நூற்றுக்குப் பதினொரு பேர் சொன்னார்கள். மூன்றே வருடம்! நம் பேத்திகள் கையில் இருப்பது தொலைக்காட்சியைவிடப் பெரியது, நாள் முழுக்க ஓடுவது.

அம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், பேத்தியையும் கூட்டிப்போங்கள். டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். அதோடு ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: கல்யாண வீட்டில் பிள்ளைகளைப் பார்த்ததும் "என்னடி, குண்டாயிட்டே" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பலர், எப்போது தொடங்கியது என்று கேட்டால் இப்படி ஒரு வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவருக்கு அது நினைவிலேயே இருக்காது.

கேள்வி: நான் ஆண், 24 வயது. ஜிம்முக்குப் போகிறேன். அளவு மீறிச் சாப்பிட்டால் மறுநாள் மூன்று மணி நேரம் ஓடித் தீர்க்கிறேன். இதுவுமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஆமாம் தம்பி, இதுவும் புலிமியாவாக இருக்கலாம். வாந்தி எடுத்தால்தான் புலிமியா என்றில்லை. ஆண்களுக்கும் வருகிறது, கேட்க வெட்கப்பட்டு இன்னும் தாமதமாக வருகிறார்கள். காய்ச்சலிலும் கால் வலியிலும் ஓடாமல் இருக்க முடியவில்லை என்றால் அது உடற்பயிற்சி என்கிற எல்லையைத் தாண்டிவிட்டது.

கேள்வி: சிகிச்சையில் இருக்கிறேன். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கலாமா?

மாமிசம் விடுவது மட்டும் என்றால், உங்கள் சிகிச்சையாளரிடம் பேசி, மூன்று வேளையும் குறையாமல் சாப்பிட வழி செய்துகொண்டு இருக்கலாம். அதுவும் "இதைத் தொடக்கூடாது" என்கிற பழைய பட்டியலைத் திறந்துவிடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது, முழுப் பட்டினி இரண்டும் இந்த வருடம் வேண்டாம். நோயாளிக்கு விரதம் விதித்ததில்லை நம் பெரியவர்கள். பால்குடம் எடுங்கள், மாலை கட்டுங்கள், காவடி தூக்குகிறவருக்குத் துணையாக நடங்கள்.

கேள்வி: என் தங்கைக்கு டைப் 1 சர்க்கரை நோய். எடை குறைவதற்காக வேண்டுமென்றே இன்சுலினைத் தவிர்க்கிறாள் என்று சந்தேகம்.

இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்சுலின் இல்லாவிட்டால் சில நாளிலேயே, சில சமயம் மணிக்கணக்கிலேயே, ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்தாகும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை இருந்தால் உடனே மருத்துவமனை. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் சர்க்கரை நோய் டாக்டரிடம் இந்தச் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். சாப்பாட்டுக் கோளாறையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், ஒன்றை விட்டு ஒன்று ஆகாது.

கேள்வி: வாந்தி எடுத்தவுடன் பல் துலக்குகிறேன். ஆனாலும் பல் தேய்கிறது.

உடனே துலக்குவதால்தான் இன்னும் தேய்கிறது. அமிலத்தில் இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் சுரண்டிவிடும். தண்ணீரில், முடிந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்து, கொப்பளியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். பல் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், அவர் பல்லைப் பார்த்தே ஊகித்திருப்பார்.

கேள்வி: மருந்து உண்டா? செலவு எவ்வளவு ஆகும்?

முதன்மைச் சிகிச்சை பேச்சுதான். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறையில் வழக்கமாக 20 வாரத்தில் 20 அமர்வுகள். சாப்பிட்டதையும் அப்போது தோன்றியதையும் எழுதிவைப்பது, ஒழுங்காகச் சாப்பிடுவது, அப்புறம் உடம்பைப் பற்றிய எண்ணங்களுக்கு வருவது என்று படிப்படியாகப் போகும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோரையும் சேர்த்துச் செய்யும் குடும்பச் சிகிச்சை உண்டு. மருந்தில் ஃபுளுவாக்ஸெட்டின் உதவும், இதற்குக் கொடுக்கும் அளவு 60 மில்லிகிராம், மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுப்பதைவிட அதிகம். டாக்டர்தான் படிப்படியாக ஏற்றவேண்டும். புப்ரோபியான் என்ற மருந்து மட்டும் புலிமியா உள்ளவர்களுக்கு ஆகாது, வலிப்பு வரலாம். வேறு டாக்டரிடம் போனாலும் நோயை மறைக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுக்கான காப்பீடு) வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அவர்கள் சட்டப்படி கட்டாயம் தரவேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் புலிமியாவும் இருக்கிறது. வருடத்துக்கு மூன்று வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சை, அல்லது குறைந்தது 15 வெளிநோயாளிச் சந்திப்புகள். இல்லை என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் பக்கத்து அரசுக் கிளினிக்கில் தொடங்கி, மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வரிசை நீளமாக இருக்கும். இருந்தாலும் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: எட்டு மாதம் நன்றாக இருந்தேன். போன வாரம் ஒரு நாள் மறுபடி நடந்துவிட்டது. எல்லாம் வீணா?

எட்டு மாதம் எங்கேயும் போகவில்லை அம்மா. அன்று மதியம் சாப்பிட்டீர்களா, இரவு தூங்கினீர்களா, யாராவது எதுவும் சொன்னார்களா என்று ஒரு தாளில் எழுதுங்கள், அடுத்த சந்திப்புக்கு அதைக் கொண்டுபோங்கள். இன்றைக்கு அடுத்த வேளைச் சாப்பாடு எத்தனை மணிக்கோ அத்தனை மணிக்குச் சாப்பிடுங்கள்.