கேள்வி-பதில்: 20 வருஷம் கழிச்சு கேஸ் போட்டா எடுப்பாங்களா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆர்மில ஹவில்தாரா இருந்தவர். 1984ல சேர்ந்து 2004ல பென்ஷன் வந்துட்டார். வரும்போது மெடிக்கல் போர்டுல பிபின்னு 30 பர்சன்ட் டிஸபிளிட்டி போட்டாங்க, ஆனா அது சர்வீஸால வந்தது இல்லைன்னு சொல்லி டிஸபிளிட்டி பென்ஷன் கிடையாதுன்னுட்டாங்க. 2005ல அப்பீல் போட்டார், அதையும் தள்ளிட்டாங்க, அதோட விட்டுட்டார். இப்ப அவர் கூட இருந்த ஒருத்தர் கோர்ட்டுக்கு போய் வாங்கிட்டாராம். எங்களுக்கும் முடியுமா சார்?
- ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: முடியும்மா. லேட்டுங்கற ஒரே காரணத்துக்காக கதவ சாத்த மாட்டாங்க, ஏன்னா பென்ஷன் மாசாமாசம் வர வேண்டிய காசு, அத நிறுத்தி வச்சா ஒவ்வொரு மாசமும் புதுசா தப்பு நடக்கற மாதிரி தான் கணக்கு, 2008ல தர்சேம் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனா அதே தீர்ப்புல ஒரு வெட்டும் இருக்கு, பழைய பாக்கி கேஸ் போட்ட தேதிக்கு முன்னாடி மூணு வருஷத்துக்கு தான். அதுக்கு முன்னாடி போனது போனது தான். சும்மா உக்காந்திருந்தா இன்னும் கரையும்.

போக வேண்டிய இடம் சென்னைல இருக்கற ஆயுதப்படை தீர்ப்பாயம், ஏஎஃப்டின்னு சொன்னா உங்க வீட்டுக்காரருக்கு தெரியும். ஒரு நீதிபதியும் ரிட்டயர்டு ஆபீசர் ஒருத்தரும் உக்காந்து விசாரிப்பாங்க. அவரே நின்னு பேசலாம்னு சட்டத்துல இருக்கு, ஆனா இந்த மாதிரி கேஸ் பார்த்த வக்கீல் ஒருத்தர் கூட இருந்தா நல்லது. இன்னொண்ணு, ரெண்டாவது அப்பீல் போடலையேன்னு எதிர்தரப்பு கிளப்பும், அதனால இப்பவே ஒண்ணு எழுதி ரிஜிஸ்டர் போஸ்ட்ல போட்டு வச்சிடுங்க, ஆறு மாசம் பதில் இல்லைன்னா அந்த ரசீதே போதும், ஏஎஃப்டிக்கு போயிடலாம். லேட்டை மன்னிக்கச் சொல்லி தனியா ஒரு மனுவும் வைக்கணும்.

இப்ப மெடிக்கல் போர்டு பேப்பருக்கு வரேன், கேஸே அதுல தான் இருக்கு. நானும் பட்டாளத்துல கிளார்க்கா குப்பை கொட்டினவன் தான், இந்த ஃபார்ம் எத்தனை டைப் அடிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. வியாதி சர்வீஸால வந்துச்சான்னு ஒரு கேள்வி, சர்வீஸால அதிகமாச்சான்னு இன்னொரு கேள்வி, ரெண்டுக்கும் "நோ", "நோ". காரணம் எழுதற இடத்துல "கன்ஸ்டிட்யூஷனல் டிஸார்டர்"னு ரெண்டே வார்த்தை இருக்கும், அதாவது உன் உடம்பு வாகே அப்படின்னு. அந்த ரெண்டு வார்த்தைல எத்தனை பேர் பென்ஷன் போயிருக்கு தெரியுமா!

இத உடைச்சது 2013ல வந்த தர்மவீர் சிங் தீர்ப்பு. ஆர்மியோட தகவல் தொடர்பு பிரிவான சிக்னல்ஸ்ல 1985ல சேர்ந்த சிப்பாய், வலிப்பு வந்து 1994ல வெளிய அனுப்பிட்டாங்க. சேரும்போது டாக்டர் எந்த வியாதியும் இருக்கறதா எழுதலைன்னா ஆள் நல்லா தான் இருந்தான்னு எடுத்துக்கணும், அப்புறம் வந்தது சர்வீஸால வரலைன்னா அத ஆர்மி தான் காரணத்தோட காட்டணும், சிப்பாய் நிரூபிக்க வேண்டியதில்லைன்னு கோர்ட் சொல்லிடுச்சு. உங்களவர் வந்தது 2004ல, டிஸபிளிட்டி பென்ஷன் யாருக்கு உண்டுன்னு சொல்ற, அந்த தீர்ப்புல பார்த்த 1982 ரூல்ஸ் தான் இவருக்கும். பிபி எந்த வருஷம் ஆரம்பிச்சது, அப்ப எங்க போஸ்டிங்னு கேட்டு எழுதி வைங்க.

அதுக்காக எல்லாமே ஜெயிக்கும்னு நினைச்சுடாதீங்க, 2019ல நர்சிங் யாதவ் கேஸ்ல இந்த சலுகைய கண்ண மூடிகிட்டு எல்லா வியாதிக்கும் கொடுக்க முடியாதுன்னு அதே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

ஜெயிச்சா 30ஐ 50ஆ ரவுண்ட் பண்ணி தருவாங்க. சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கும் அது உண்டுன்னு 2014 ராம் அவதார் தீர்ப்பு இருக்கு, வக்கீல் மறந்தாலும் நீங்க கேட்டு மனுல சேர்க்கச் சொல்லுங்க.

முதல்ல அவர் சர்வீஸ் பேப்பர் இருக்கற ரெக்கார்ட் ஆபீசுக்கு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, பத்து ரூபா போஸ்டல் ஆர்டர் வச்சு, அவர் கையெழுத்தோட. சேரும்போது எடுத்த மெடிக்கல், கடைசி மெடிக்கல் போர்டு, 2005 அப்பீல் ஆர்டர் மூணோட காப்பியும் கேளுங்க. பழைய சர்வீஸ் பேப்பர காலம் முழுக்க வச்சிருக்க மாட்டாங்கம்மா, அதனால தள்ளிப் போடாதீங்க.