கர்ப்பப்பைச் சோதனைக்குப் போகிறவர்கள் கேட்டவை

திருப்பூரிலிருந்து: ஏனுங்க டாக்டரம்மா, எனக்கு வயசு 46. ரெண்டு மாசமா ரத்தப்போக்கு விட்டு விட்டு வருது. கர்ப்பப்பைக்குள்ள சதை எடுத்துப் பாக்கோணும்னு சொல்லிட்டாங்க. வலிக்குங்களா? மத்தியானம் கம்பெனிக்குப் போயிரலாங்களா?

வலிக்குங்க. வலிக்கவே வலிக்காது என்று சொல்லிப் படுக்க வைப்பது சரியல்ல. சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, அதனுள் இருக்கும் தண்டை இழுப்பார்கள். அந்த உறிஞ்சலில் உள்சுவர்த் துணுக்கு குழாய்க்குள் வந்துவிடும். அந்த ஒன்றிரண்டு நிமிடம் கடுமையான மாதவிலக்கு வலி போலப் பிடித்து இழுக்கும். பிறகு படிப்படியாகக் குறையும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்பே ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம் போடலாம். அதுவும் போதாது என்று தோன்றினால் மரத்துப்போகும் ஊசி கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தாராபுரத்திலிருந்தும் அந்தியூரிலிருந்தும் விடியற்காலை வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. கர்ப்பப்பை வாயைத் தொட்டதும் சிலருக்கு நாடித்துடிப்பு இறங்கித் தலைசுற்றும், பசியும் சேர்ந்தால் இன்னும் மோசம். முடிந்ததும் கால் மணி நேரம் படுத்திருங்கள். ஸ்கூட்டியைத் தனியாக ஓட்டி வர வேண்டாம். அன்றைக்கு நின்று வேலை செய்யும் ஷிப்ட் வேண்டாங்க, மறுநாள் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துணுக்கு போதவில்லை என்று மறுபடி கூப்பிடுவதும் உண்டு; அதற்காகப் பயப்பட வேண்டாம்.

பொள்ளாச்சியிலிருந்து: ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்து தடவிப் பாத்து வெள்ளைத் திட்டு தெரியுதுன்னாங்க. புற்றுநோய்ங்களா?

அப்படி முடிவு கட்ட முடியாதுங்க. கர்ப்பப்பை வாயில் தடவியது 5 சதவீத அசிட்டிக் அமிலம். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் மாறுதலடைந்த செல்கள் வெளுத்துத் தெரியும். வெறும் அழற்சியும் வெளுக்கும். அடுத்தது கால்போஸ்கோப்பி: பெரிதாக்கிக் காட்டும் கருவி உங்கள் உடம்புக்கு வெளியேதான் நிற்கும். சந்தேகமான இடத்தில் அரிசி அளவு துணுக்கு எடுப்பார்கள். ரத்தப்போக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். தள்ளிப்போடாதீர்கள், புற்றாக மாறுமுன் கண்டால் அந்த இடத்தை மட்டும் சுட்டு நீக்கினாலே பெரும்பாலும் போதும்.

ஈரோட்டிலிருந்து: காப்பர் டி போட்டு நாலு மாசம். நூல் கைக்குத் தட்டுப்படல.

நூல் சுருண்டு மேலே போயிருக்கலாம், காப்பர் டி தெரியாமலே வெளியே விழுந்தும் இருக்கலாம். முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். ஸ்கேனில் காணோமென்றால் வயிற்று எக்ஸ்ரே. கர்ப்பப்பையைத் துளைத்து வெளியே போயிருந்தால் அதில் தெரியும். இருக்குமிடம் தெரியும்வரை ஆணுறை கட்டாயம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: ஆம்பளை டாக்டர்னா?

பெண் நர்ஸ் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நடுவில் "நிறுத்துங்க" என்றால் நிறுத்தியாக வேண்டும்.

கோபியிலிருந்து: கால்போஸ்கோப்பியில சதை எடுத்தாங்க. மூணு நாளா காப்பித்தூள் மாதிரி போகுது. மாமியார் சீழ்ங்கறாங்க.

ரத்தத்தை நிறுத்த மான்செல் கரைசல் என்ற இரும்பு மருந்தை வைத்திருந்தால் அப்படித்தான் கருத்துப் போகும். சில நாளில் தெளிந்துவிடும். நாப்கின் மட்டும் வையுங்கள். உள்ளே எதையும் வைக்க வேண்டாம், கழுவிவிடவும் வேண்டாம். உடலுறவு எப்போது என்று எடுத்த டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, நாற்றம் அடித்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் அடிவயிறு வலித்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.