குவிண்டால் விலையும் மூட்டை விலையும்: ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: கொள்முதல் நிலையத்தில் பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். வியாபாரியோ களத்துக்கே வந்து, 62 கிலோ மூட்டைக்கு 1,400 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். என் நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதம். யாருக்கு விற்கலாம்?

பதில்: ஒரு குவிண்டால் என்பது 100 கிலோகிராம், பத்துக் குவிண்டால் ஒரு டன். மூட்டைக்கு இப்படி நிலையான எடை கிடையாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம், அதாவது மூட்டை, 40 கிலோ. வியாபாரிகளிடம் அது 60, 62, 75 என்று ஊருக்கு ஊர் மாறும். ஆகவே மூட்டை விலையைக் கேட்டவுடன் அதன் நிகர எடை எத்தனை கிலோ, சாக்கின் எடை கழிக்கப்பட்டதா என்று கேட்டுவிடுங்கள்.

2025-26 பருவத்தில் பொது ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாய், தமிழக அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய்; இரண்டும் சேர்ந்ததே நீங்கள் குறிப்பிடும் 2,500. அதன்படி கிலோவுக்கு 25 ரூபாய், 40 கிலோ சிப்பத்துக்குச் சரியாக 1,000 ரூபாய். வியாபாரியின் 1,400 ரூபாயை 62ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 22 ரூபாய் 58 காசு, அதாவது குவிண்டாலுக்கு 2,258 ரூபாய்தான். மூட்டைக் கணக்கில் பெரிதாகத் தெரிந்த தொகை, குவிண்டாலில் 242 ரூபாய் குறைகிறது.

ஆனால் இந்த 242 ரூபாயும் முழுமையாக உங்கள் கைக்கு வராது. கொள்முதல் நிலையத்தில் ஏற்கப்படும் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். 20 சதவீத ஈரமுள்ள ஒரு குவிண்டாலில் ஈரம் நீங்கலாக உள்ள நெல் 80 கிலோ. காயவைத்தாலும் அது குறையாது, நீர் மட்டுமே குறையும். 17 சதவீத ஈரத்தில் ஈரம் நீங்கலான பங்கு 83 சதவீதம்; ஆகவே 80ஐ 0.83ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 96 கிலோ 400 கிராம். அதற்கு நிலையத்தில் கிடைக்கும் தொகை 2,410 ரூபாய்.

எனவே உங்கள் ஈர நெல்லுக்கு உண்மையான வித்தியாசம் குவிண்டாலுக்கு 152 ரூபாய். காயவைக்கும் கூலி, வண்டி வாடகை, காத்திருக்கும் நாட்களில் மழை வந்தால் நேரும் சேதம் ஆகியவை இதற்குள் அடங்குமானால் நிலையத்துக்கே கொண்டு செல்லுங்கள். களமும் வெயிலும் இருக்கும்போது வியாபாரியின் விலைக்குச் சம்மதிப்பது, என் கருத்தில், நட்டமே. வானம் மூடியிருந்து, தார்ப்பாய்க்கும் வழியில்லை என்றால் அவரிடம் குறைந்தது 1,450 ரூபாய் கேளுங்கள். அது குவிண்டாலுக்கு ஏறத்தாழ 2,339 ரூபாய் ஆகும்.