ராணுவத்தின் சப்ளை பிரிவில் வாழ்க்கை எப்படி இருக்கும்? மூட்டை தூக்கும் வேலை மட்டும்தானா?

உங்கள் தம்பிக்கு ஆர்மி சர்வீஸ் கோர் கிடைத்திருக்கிறது, "அது சண்டை போடாத பிரிவு" என்று ஊரில் பேசுகிறார்கள், லீவாவது ஒழுங்காகக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே ஏஎஸ்சியில் நான் 17 வருடம் டிரைவராக இருந்தேன். அதில் அதிகமாக நினைவில் நிற்பது லடாக்கில் இருந்த காலம்தான்.

சாப்பாடு, எரிபொருள், போக்குவரத்து எங்கள் பொறுப்பு. குண்டு, துணிமணி, உதிரிபாகங்கள் ஆர்ட்னன்ஸ் கோருடையது. பழுது பார்ப்பது ஈஎம்இ என்ற இன்னொரு பிரிவு. ஆனால் மலைமேல் இருக்கும் போஸ்டுக்குப் போகும்போது எல்லாம் எங்கள் வண்டியில்தான் ஏறும்.

யூனிட்டில் நாள் பி.டி. என்கிற உடற்பயிற்சியுடன் ஆரம்பிக்கும். அப்புறம் 'ஃபர்ஸ்ட் பரேட்'. ஆயில், தண்ணீர், பேட்டரி, டயர், பிரேக் எல்லாம் பார்த்தபிறகுதான் வண்டி கேட்டைத் தாண்டும். திரும்பி வந்ததும் 'லாஸ்ட் பரேட்', கார் டைரியில் கிலோமீட்டர் எழுதிக் கையெழுத்து. முதல் வருடம் இது அலுப்பாக இருக்கும். ஒருமுறை மலையிறக்கத்தில் பிரேக்கை நம்பி இறங்கிவிட்டால் அந்த அலுப்பு போய்விடும்.

லடாக்கில் எங்களுக்கு இருந்தது இரண்டே பருவங்கள்: பாதை திறந்திருக்கும் காலம், மூடியிருக்கும் காலம். பனி கொட்டினால் சோஜிலா வழியும் மணாலி வழியும் மாதக்கணக்கில் அடைத்துவிடும். அதனால் குளிர்காலம் முழுமைக்குமான மாவு, அரிசி, பருப்பு, டின் உணவு, மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் கோடையிலேயே மேலே போய்ச் சேர வேண்டும். 'விண்டர் ஸ்டாக்கிங்' என்போம். மணாலியிலிருந்து லே வரும் கான்வாயில் ரோதாங், பாரலாச்சா, தங்லாங் என்று கணவாய் மேல் கணவாய். தங்லாங் லா 17,000 அடிக்கும் மேலே. விடியும் முன்பே கிளம்பிவிடுவோம். மதிய வெயிலில் பனி உருகினால் காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை மாலைக்குள் வண்டியை இழுக்கும். இரவுக்குப் பட்சியோ, பாங் மாதிரி ஒரு டிரான்சிட் கேம்ப். பாங் 15,000 அடி. படுத்தால் தூக்கம் வராது, தலை கனக்கும். கடுங்குளிரில் டீசல் டேங்கிலேயே கெட்டியாகிவிடும். மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசல் 2019 கடைசியில்தான் லடாக்குக்கு வந்தது. 2020இல் அடல் சுரங்கம் திறந்தபிறகு ரோதாங் ஏற வேண்டியதும் இல்லை. இப்போது போகிறவர்களுக்கு அந்த மட்டில் நிம்மதி.

ஒரு அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். முன்னணி டிப்போவில் சரக்கை இறக்கியபோது ஒரு சின்ன அட்டைப்பெட்டி குறைந்தது. உள்ளே பிரஷர் குக்கர் வாஷர்கள். பெரிய மூட்டைகளை எண்ணிய நான் அதை எண்ணவில்லை. வாஷர்தானே என்று சொல்லிவிட்டேன். எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர், உஸ்தாத் என்போம், கர்நாடகத்துக்காரர், சத்தமே போடவில்லை. "15,000 அடியில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகாது. மே மாதம் வரைக்கும் அந்தப் பசங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று மட்டும் கேட்டார். இரவோடு இரவாக டார்ச் வைத்து வண்டி முழுக்கத் தேடினேன். டூல் பாக்ஸுக்குப் பின்னால் சரிந்து கிடந்தது. மறுநாள் கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றிப் போகும் ஏடி கம்பெனி ஆட்களிடம் கையோடு ஒப்படைத்தேன். அந்தக் கழுதைகளுக்குக் குளம்பில் எண் பொறித்திருக்கும். எந்த எண்ணின் முதுகில் அந்தப் பெட்டி போனது என்பதையும் எழுதி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் எண்ணாமல் எந்தப் பெட்டியும் என் வண்டியில் ஏறியதில்லை.

தம்பிக்கு லடாக் போஸ்டிங் வந்தால் ஒன்று சொல்லுங்கள். லே போனதும் முதல் 6 நாள் உடம்பைப் பழக்கத்தான். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஓடியாட வேண்டாம். இன்னும் மேலே போகும்போது 4 நாள், அதற்கும் மேலே இன்னொரு 4 நாள். நல்ல பலசாலிகளே இதை மீறி நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

லீவைப் பொறுத்தவரை, எங்களுக்கு வருடத்துக்கு 60 நாள், அதோடு 30 நாள் கேஷுவல். அக்னிவீராகச் சேர்ந்திருந்தால் வருடம் 30 நாள். ஸ்டாக்கிங் நடக்கும்போது டிரைவர்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். பாதை மூடியபிறகுதான் விடுவார்கள், அதனால் எனக்குப் பெரும்பாலும் பொங்கல் வீட்டில்தான். லேயிலிருந்து வானம் தெளிந்தால்தான் விமானம் கிளம்பும். ஒரு வருடம் போகிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, காணும் பொங்கல் அன்று இரவு போய்ச் சேர்ந்தேன். அம்மா கரும்பை வெட்டாமல் வைத்திருந்தார்.