நடைபாதையில் நடிகர் பெயர்: வாசகர் கேள்வி – பதில்

கொக்குவில் வாசகி ஒருவர்: ரொறன்ரோவில் வசிக்கும் மகளிடம் போயிருந்தபோது, அங்கே நடைபாதையில் கனடாக் கலைஞர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்துப் பதித்திருப்பதைக் கண்டேன். நமது நாட்டுத் திரைப்பட நடிகர்களுக்கும் யாழ்ப்பாண நகரில் அப்படிச் செய்தால் என்ன?

பதில்: நீங்கள் கண்டது 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கனடாவின் புகழ் நடைபாதை. நடிகர்களோடு பாடகர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் அங்கு இடமுண்டு. இத்தகைய நடைபாதைகளுக்கெல்லாம் முன்னோடி ஹொலிவூட். அங்கு 1960இல் வேலை தொடங்கி, முதற் கட்டத்திலேயே 1,558 பேருக்கு விண்மீன்கள் பதித்தார்கள். இன்று அந்தத் தொகை 2,700ஐத் தாண்டிவிட்டது. பளிங்குத் துகளைச் சீமெந்தோடு கலந்து வார்த்துத் தேய்த்து மெருகேற்றும், நம் பழைய வீடுகளில் ரெறாசோ என்று சொல்லப்படும் தரைதான் அதுவும். கரிய சதுரத்தினுள் இளஞ்சிவப்பு விண்மீன், அதில் பித்தளை எழுத்தில் பெயர், பெயரின் கீழே அவர் திரைப்படக் கலைஞரானால் ஒரு படக் கருவியின் சின்னம். மைசூரில் பிறந்த சாபு என்ற நடிகரின் பெயரும் அங்கே உண்டு என்பதை நம்மவர்களில் பலர் அறியார்கள்.

நமது நடிகர்களை ஊர் அறிய நினைவுகூர வேண்டும் என்ற உங்கள் ஆசை என்னுடையதும்தான். ஆனால் அந்தப் பெயர்களை நிலத்தில் பதிப்பதற்கு என் மனம் இடங்கொடுக்கவில்லை. சிறு வயதில் கொப்பியில் தவறிக் கால் பட்டுவிட்டால், அம்மா அடுப்படியில் நின்றபடியே "தொட்டுக் கும்பிடு" என்பார். நாமும் குனிந்து, விரலால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மேலே படிப்போம். எழுத்து மிதிபடக் கூடாது என்று வளர்ந்த ஓர் ஊரில், ஒரு மனிதரின் பெயரைச் செருப்புக் காலுக்குக் கீழே வைத்து அதனை மரியாதை என்று சொன்னால், அந்த நடிகரின் பிள்ளைகளே அதனை மரியாதையாக ஏற்பார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது நமக்கு மட்டும் உள்ள கூச்சமும் அன்று. குத்துச்சண்டை வீரர் முகமது அலி, நபிகள் நாயகத்தின் பெயரைத் தாங்கிய தம் பெயர் மிதிபடுவதை விரும்பவில்லை. ஆகவே 2002இல் அவருக்குரிய விண்மீனை ஹொலிவூட்டில் ஒரு அரங்கின் சுவரில் பதித்தார்கள். ஹொங்கொங்கில் கடற்கரையோரமாக 2004இல் திறக்கப்பட்ட நட்சத்திர வீதியில் நடிகர்களின் கைப்பதிவுகள் முதலில் தரையில் இருந்தன. புதுப்பித்து 2019இல் மீண்டும் திறந்தபோது, வருபவர்கள் தம் கையை வைத்துப் பார்க்கத்தக்கதாக அவற்றைக் கடலோரக் கைப்பிடிச் சுவருக்கு ஏற்றிவிட்டார்கள்.

திருவேங்கடவன் சந்நிதியில் அடியவர் ஏறும் படியாய்க் கிடக்க வேண்டும் என்று குலசேகர ஆழ்வார் வேண்டவில்லையா, நம் கோயில் படிகளிலும் உபயகாரர் பெயர் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது அவர்கள் தாமே விரும்பி ஏற்ற தாழ்மை. மறைந்துபோன ஒருவருக்காக அந்தத் தாழ்மையை நாம் தெரிவுசெய்ய முடியாது.

இன்னொன்று, நமது நகரத்து நடைபாதையின் நிலை. அது பெரும்பாலும் மழைநீர் ஓடும் கானின் மேல் போட்ட கொங்கிறீற் மூடிதான். மாரி மழைக்கு முன் கானைத் துப்புரவாக்க அந்த மூடிகளைக் கம்பியால் நெம்பி எடுத்து ஓரமாகச் சாய்த்து வைப்பார்கள். திரும்பப் போடும்போது ஒன்று உடைந்திருக்கும், இன்னொன்று இடம் மாறிக் கிடக்கும். மற்ற நாட்களில் அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கும், வெற்றிலைத் துப்பல் காய்ந்திருக்கும். அங்கே ஒரு கலைஞரின் பெயர் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆகவே பெயரைச் சுவரில், கண் மட்டத்தில் வையுங்கள் என்பதே என் விடை. ரீகல், வெலிங்டன், வின்சர், மனோகரா என்று நாம் வரிசையில் நின்று படம் பார்த்த தியேட்டர்கள் இருந்த இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். பெயரை மட்டும் பொறித்துவிட்டுப் போகாமல், எந்தப் படம், எந்தப் பாத்திரம், எந்த ஆண்டு என்ற மூன்றையும் சேர்த்துப் பொறிக்க வேண்டும். நடிகரைத் தெரியாத பிள்ளை ஒன்று பாடசாலை விட்டு வரும்போது அங்கே நின்று வாசித்தால், வீட்டுக்குப் போய்க் கேட்பதற்கு அதற்கு ஒரு கேள்வியாவது கிடைக்கும்.

சுன்னாகம் வாசகர் ஒருவர்: அப்படியானால் முதலில் யாருடைய பெயர்? சிங்கள நடிகர்களையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் சேர்க்க வேண்டும். முதற் பெயராக ருக்மணி தேவியையே நான் சொல்வேன். 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ'வின் கதாநாயகி அவர். இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல். கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். எஸ். எம். நாயகம் அந்தப் படத்தைத் தயாரித்ததும் மதுரையில்தான். இந்த நாட்டுச் சினிமாவை இன்னார்க்கு மட்டும் உரியது என்று எவரும் வேலி போட முடியாது என்பதற்கு அவருடைய பெயர் ஒன்றே போதும்.

நமது தமிழ்ப் படங்களில், 1963இல் வந்த 'தோட்டக்காரி', கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து 1972இல் வந்த 'குத்துவிளக்கு', யாழ்ப்பாணத்திலேயே தர்மசேன பத்திராஜ எடுத்து 1977இல் வந்த 'பொன்மணி', செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வந்த 'வாடைக்காற்று' ஆகியவற்றில் நடித்தவர்களிலிருந்து தொடங்கலாம். 'வாடைக்காற்'றில் நடித்த ஏ. ஈ. மனோகரனைப் பொப் பாடகராகவே பலரும் அறிவார்கள். அவர் நடிகராகவும் நினைக்கப்பட வேண்டியவர்.

தெரிவில் அவசரமும் பகைமையும் கூடாது. சார்ளி சப்ளினையே ஹொலிவூட் அரசியல் காரணத்தால் முதலில் ஒதுக்கி, 1972இல்தான் அவர் பெயரைப் பதித்தது.

பருத்தித்துறை வாசகர் ஒருவர்: செலவை யார் ஏற்பது? வெளிநாட்டு உறவுகளிடம் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ஹொலிவூட்டில் நடிகரை முன்மொழிபவரே பணமும் கட்டுகிறார். அந்த முறை இங்கே வேண்டாம். பணம் ஒரு பொது நிதிக்குச் செல்லட்டும். பெயர்களைப் படங்களை அறிந்தவர்கள் தீர்மானிக்கட்டும்.

கல்லுக்கு முன்னர் செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டு. 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தது. நமது படச்சுருள்கள் பலவும் எரிந்துபோயின. அப்படங்களில் ஒரு காட்சிக்கு வந்து போனவர்களின் பெயர்கள் பழைய நோட்டீசுகளிலும் பாட்டுப் புத்தகங்களிலும் முதியவர்களின் ஞாபகத்திலுமே எஞ்சியிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு நோட்டீசு கிடந்தால், அதைப் படம் பிடித்து இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள்.