ட்ராம்போன்தான் படிப்பேன்னு நிக்கற பையனோட அப்பாவுக்கு

அண்ணா வணக்கமுங்க. உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பையன் ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், ஸ்கூல் பேண்டுல ட்ராம்போன், அதான் கொழாய நீட்டிச் சுருக்கி ஊதற பித்தள வாத்தியம், ஊதறான், இப்ப இன்ஜினியரிங் வேண்டாம் இதத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான், அண்ணி என்னடான்னா கல்யாண ஊர்வலத்துல ஊதறதுக்கா இத்தன பீஸ் கட்டி படிக்க வெச்சோம்னு சரியா சாப்பிடறதில்ல. அண்ணிகிட்ட மொதல்ல சொல்லீருங்க, ஊர்வலத்துல ஊதறது ஒண்ணும் கேவலமான பொழப்பு இல்ல, ஆனா பையன் கேக்கற பாதை அது இல்லீங்க. அவன் ஆசப்படறது யுனிவர்சிட்டில வாத்தியாரா இருந்துட்டு மேடையிலயும் வாசிக்கறது. அப்படி ஒரு வேல நெசமாவே இருக்குது, ஆனா இங்க இல்ல, வெளிநாட்டுல.

வாசிச்சு மட்டும் சம்பாதிக்கறது ஏன் கஷ்டம்னு கேட்டா, சீட்டு கம்மிங்க. பெரிய ஆர்கெஸ்ட்ரால வயலின் மட்டும் முப்பது பேரு இருப்பாங்க, ட்ராம்போன் மூணே பேருதான், ரெண்டு பேரு சாதா டெனர், ஒருத்தரு கீழ் சுரம் ஊதற பாஸ். உக்காந்தவங்க லேசுல எந்திரிக்க மாட்டாங்க. நியூயார்க் பில்ஹார்மானிக்ல ஜோசப் அலெஸ்ஸி 1985ல முதல் ட்ராம்போனா சேந்தாரு, முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல அதே நாற்காலிதான். அவரே ஜூலியார்ட் ஸ்கூல்ல வாத்தியாரும் கூட. அதனால நான் பெத்தவங்ககிட்ட எப்பவும் சொல்றது இதுதானுங்க, சோத்துக்கு சொல்லிக்குடுக்கறத நம்புங்க, வாசிக்கறது அது கூடவே வரும். ஆனா நல்லா வாசிக்காதவனுக்கு சொல்லிக்குடுக்கற வேல கெடைக்கவே கெடைக்காது, அதையும் பையன்கிட்ட சொல்லி வெச்சிருங்க.

அமெரிக்கா பக்கம் போனா பேச்சலர் நாலு வருஷம், மாஸ்டர் ரெண்டு, அப்பறம் டிஎம்ஏன்னு ஒரு டாக்டரேட், அது மூணு நாலு வருஷம் இழுக்கும், அதுல ஆராய்ச்சி எழுதறதோட மேடையில தனியா கச்சேரி பண்ணியும் காட்டோணும். அப்பக்கூட உடனே பர்மனென்ட் ஆகாதுங்க, மொதல்ல நெறைய பேரு பார்ட் டைமா ரெண்டு மூணு காலேஜ் அலையறாங்க. வேலைக்கு கூப்பிட்டா இன்டர்வியூவே வேற மாதிரி, வாசிச்சுக் காட்டோணும், அவங்க ஸ்டூடண்ட்ஸ வெச்சு எல்லாரு முன்னாடியும் பாடம் எடுத்துக் காட்டோணும். சின்ன காலேஜ்ல ட்ராம்போனுக்குன்னு தனியா ஆளு போட மாட்டாங்க, யூஃபோனியம், டியூபான்னு மத்த பெரிய பித்தள வாத்தியம் எல்லாம் ஒரே ஆளு தலையில, கூடவே மியூசிக் தியரி கிளாஸும் வந்து விழுகும். அதனால பேண்டுல யூஃபோனியம் சும்மா கெடந்தா அதையும் எடுத்து ஊதிப் பழகச் சொல்லுங்க.

இங்கயே படிக்க வெக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. கோயமுத்தூர் பக்கம் மலுமிச்சம்பட்டில அரசு இசைக் கல்லூரி இருக்குது, நல்ல காலேஜ்தான், ஆனா அது நம்ம கர்நாடக சங்கீதத்துக்கு. காலேஜ் வாத்தியார் வேலைக்கு எழுதற யுஜிசி நெட் பரிட்சையில மியூசிக் பேப்பர் இருக்குதுன்னு யாரோ சொன்னதா எழுதியிருந்தீங்க, அது இந்துஸ்தானி, கர்நாடகம், ரவீந்திர சங்கீதம், தாள வாத்தியம்னு போகும், ட்ராம்போன்காரனுக்கு அதுல ஒண்ணும் இல்ல. சென்னையில ஏ.ஆர். ரகுமான் 2008ல ஆரம்பிச்ச கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி இருக்குது, வெஸ்டர்ன் மியூசிக் அடித்தளம் போட அங்க போய் விசாரிக்கலாம், ஆனா சேக்கறதுக்கு முன்னாடி ட்ராம்போனுக்கு இப்ப வாத்தியார் இருக்காங்களான்னு நேர்ல கேட்டுக்கோங்க. ஊதி வேல வேணும்னா பாம்பேல சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா, 2006ல ஆரம்பிச்சது, அங்கயே வெளிநாட்டு ஆளுங்க நெறைய. போலீஸ் பேண்டு, ராணுவ பேண்டும் இருக்குது. ஏர்ஃபோர்ஸ்ல அக்னிவீர்வாயு மியூசிசியன்னு எடுக்கறாங்க, பத்தாவது பாஸ் போதும், நாலு வருஷம்.

இப்ப காசு விஷயத்துக்கு வரேனுங்க, நீங்க தோட்டத்த வெச்சு லோன் எடுக்கலாமான்னு கேட்டதப் பாத்து எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. வேண்டவே வேண்டாம்ங்ணா. பேச்சலருக்கு அமெரிக்கா போறதா இருந்தா பெரிய ஸ்காலர்ஷிப் வந்தா மட்டும் யோசிங்க, பேண்டு, ஆர்கெஸ்ட்ரா நடத்தற காலேஜ்களுக்கு ட்ராம்போன் ஆளு எப்பவும் தேவைப்படும், அதனால கேட்டுப் பாக்கறதுல தப்பில்ல. மாஸ்டர், டிஎம்ஏல அசிஸ்டன்ட்ஷிப், அதாவது படிச்சுட்டே காலேஜுக்கு வேல செய்யற எடம், கெடச்சா பீஸும் போயிரும், கைச்செலவுக்கும் கொஞ்சம் குடுப்பாங்க. எனக்கு ஜெர்மனிதான் மேலுன்னு படுதுங்க, அங்க அரசு மியூசிக் காலேஜ்கள்ல பெரும்பாலும் டியூஷன் பீஸ் இல்ல, ஆனா பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பிய யூனியன் அல்லாத பசங்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ, வேற சில காலேஜ்லயும் பீஸ் இருக்கலாம், கேட்டுக்கோங்க. ஆனா விசாவுக்கு ஒரு வருஷ செலவுக் காச, கடைசியா நான் பாத்தப்ப 11,904 யூரோ, பேங்க்ல போட்டுக் காட்டோணும், ஜெர்மன் படிக்கோணும், நுழைவுத் தேர்வுல வாசிச்சு ஜெயிக்கோணும்.

அந்தத் தேர்வுல நம்ம பசங்க சறுக்கறது ட்ராம்போன்ல இல்லீங்க, பியானோலயும் காதுலயும்தான். பெரும்பாலான எடத்துல பியானோ கொஞ்சமாவது வாசிக்கச் சொல்லுவாங்க, தியரி கேப்பாங்க, அவங்க சுரத்த வாசிச்சுக் காட்டி, காதுல கேட்டத எழுதச் சொல்லுவாங்க. பேண்டு மாஸ்டர் சொல்றதக் கேட்டு மனப்பாடமா ஊதிப் பழகுன பையன் நோட்டு பேப்பர முன்னால வெச்சா முழிப்பான். எடுத்ததும் பாத்து வாசிக்கற பழக்கம் வரோணும், நோட்டுல எந்தக் கோடு எந்த சுரம்னு காட்டற குறிதான் கிளெஃப், அதுல பாஸ் கிளெஃப் தெரிஞ்சிருக்கும், டெனர் கிளெஃபும் கத்துக்கட்டும். நீங்க இந்த வருஷம் செலவு பண்றதா இருந்தா புது ட்ராம்போனுக்கு பண்ணாதீங்க, பியானோ வாத்தியாருக்கு பண்ணுங்க. ட்ரினிட்டி காலேஜ் லண்டன் பரிட்சை எழுதட்டும், எட்டாவது கிரேடு நல்ல மார்க்கோட வாங்கினான்னா ஏதோ இருக்குதுன்னு அர்த்தம், ஆறாவதுலயே தள்ளாடுனான்னா அதுவும் ஒரு பதில்தான்.

லைன் வீடுன்னு சொன்னீங்களே, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வரதுக்கு முன்னாடி சத்தத்த அடக்க வாத்தியத்தோட வாயில சொருகற ஒரு ப்ராக்டிஸ் மியூட் வாங்கிக் குடுத்துருங்க. ஸ்லைடுல, அந்த நீட்டிச் சுருக்கற கொழாயில, சின்ன நசுங்கல் விழுந்தாலே சிக்கும், கட்டில் மேல வெச்சுட்டுப் போற பழக்கம் இருந்தா நிறுத்தச் சொல்லுங்க. பல்லுக்கு கம்பி போடறதா பேச்சு இருந்தா வாத்தியார்கிட்ட கேக்காம போடாதீங்க, உதடு பதியற எடம் மாறிரும்.

கணக்கு பாடத்த விட வேண்டாம், ப்ளஸ் டூ ஒழுங்கா முடிக்கட்டும். முடிச்சப்பறம் வீட்ல சும்மா உக்கார வெக்காதீங்க, கோயமுத்தூர்ல ஏதாவது டிகிரில சேத்து விட்டுட்டே ஆடிஷன் அனுப்பலாம். அமெரிக்கா காலேஜ்களுக்கு ரெகார்டிங் பெரும்பாலும் டிசம்பர் ஆரம்பத்துலயே கேட்பாங்க, கடைசி நேரத்துல ஓடாதீங்க.

இந்த வாரமே பையன ஒரு ஸ்கேலும், மெதுவான ஒரு பாட்டும் போன்ல ரெகார்டு பண்ணச் சொல்லுங்க, வெட்டி ஒட்டாம ஒரே மூச்சுல எடுத்தது, எக்கோ எதுவும் போடாம. நல்ல ட்ராம்போன் வாத்தியார் யாராவது ஆன்லைன்ல கிளாஸ் எடுக்கறவருகிட்ட ஒரே ஒரு கிளாஸுக்கு காசு கட்டி அதக் காட்டுங்க, இவன் ஆடிஷன் வரைக்கும் வருவானான்னு நேரா கேளுங்க. அவரு என்ன சொல்றாருன்னு எனக்கு எழுதுங்க, அதப் பாத்துட்டு ஜெர்மன் கிளாஸ் எங்க சேக்கறதுன்னு பேசிக்கலாம்ங்க.