வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதவருக்குச் சுதந்திரம் எதற்கு?

கேள்வி நியாயமானதுதான். உச்ச நீதிமன்றமே 1982-ல் இதை அலசியிருக்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகள் அப்போது நடந்துகொண்டிருந்தன. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9.25 ரூபாய். அதில் ஜமேதார்கள், அதாவது வேலைக்கு ஆள் பிடித்துவரும் இடைத்தரகர்கள், ஒரு ரூபாயைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தொழிலாளியிடம் கொடுத்தார்கள்.

யாரும் அடித்து வேலை வாங்கவில்லையே, விரும்பித்தானே வந்தார்கள் என்று கேட்கலாம். நீதிபதி பகவதி அமர்வின் பார்வை வேறு. வறுமை வேறு வழியில்லாமல் ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைத்தால், அதுவும் அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்றது தீர்ப்பு. என்னைக் கேட்டால், இந்தியத் தீர்ப்புகளிலேயே மிகத் துணிச்சலானவற்றுள் இது ஒன்று.

சரி, சோறு கிடைத்தால் போதுமா? போதாது. அந்த வழக்கே மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் பகவதிக்கு எழுதிய கடிதத்தில்தான் தொடங்கியது. அமைப்பாகச் சேரவும் எழுதவும் உரிமை இல்லையென்றால் அந்த ஒரு ரூபாய் விவகாரம் நீதிமன்றப் படியேறியிருக்காது.

அப்புறம், சுதந்திரம் மட்டும் கிடைத்தாலும் போதாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே கொத்தடிமைகளின் பழைய கடனை ரத்து செய்துவிட்டது. ஆனால் விடுதலையானவருக்கு அடுத்த மாத வருமானம் இல்லையென்றால், செங்கல் சூளைக்காரரிடம் மறுபடி முன்பணம் வாங்கத்தான் போவார். அதனால்தான் விடுதலைச் சான்றிதழோடு மறுவாழ்வு நிதியும் தருகிறார்கள்.